எந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது? நெட்வொர்க் சாதனங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு, கடை, சின்ன ஆபீஸ், கல்யாண மண்டபம் என்று கேபிள் இழுத்துப் பெட்டி மாட்டிக் கொடுப்பது என் தொழில். வேலையெல்லாம் முடிந்து டெஸ்டரைப் பைக்குள் வைக்கிற நேரத்தில்தான் வீட்டுக்காரர்களுக்குக் கேள்விகள் வரும். ‘நெட் வரலை’ என்பது ஒரே புகார். அதற்குப் பின்னால் ஐந்தாறு தனித்தனிச் சாதனங்கள் இருக்கின்றன. எது எந்த வேலைக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி நேரம் என்னைக் கூப்பிடவே வேண்டியிருக்காது. தொழிலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். அது மோடமா, ரூட்டரா?

ஊரில் எல்லோரும் அதை மோடம் என்றுதான் சொல்கிறார்கள், நானும் வாய் தவறி அப்படியே சொல்வேன். ஆனால் மோடம் வேறு. கம்ப்யூட்டரின் தகவலைத் தொலைபேசிக் கம்பியில் போகக்கூடிய ஒலியாக மாற்றுவதும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒலியை மறுபடி தகவலாக்குவதும்தான் மோடத்தின் வேலை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கிய காலத்து மோடம், கீச்சென்று கத்திவிட்டுத்தான் இணைப்புக் கொடுக்கும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருப்பவர்கள் என் வயதுக்காரர்கள்.

இப்போது உங்கள் சுவரில் இருப்பதன் பெயர் ஓஎன்டி. சிலர் ஓஎன்யூ என்பார்கள். பெட்டி ஒன்றுதான், உள்ளே வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர். ஃபைபரில் வரும் ஒளியை மின் சைகையாக மாற்றுபவர் ஒருவர். வீட்டுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் நின்று வழிகாட்டும் ரூட்டர் இன்னொருவர். பின்னால் தெரியும் இரண்டு அல்லது நான்கு துளைகள் ஒரு குட்டி ஸ்விட்ச். ஆன்டெனா இருந்தால் அது வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட். ‘மோடம் போச்சு’ என்று யாராவது சொன்னால் இந்த நான்கு பேரில் யார் போனார் என்பதுதான் என் முதல் கேள்வி. பெரும்பாலும் மூன்று பேர் நன்றாகத்தான் இருப்பார்கள்.

அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. எல்ஓஎஸ் என்று எழுதிய இடத்தில் சிவப்பு எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். பத்து முறை அணைத்துப் போட்டாலும் வராத ஒளி வராது.

ஃபைபரின் நடுவில் ஒளி ஓடும் பகுதியின் தடிமன் சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதை ஆணியில் இறுக்கிச் சுற்றித் தொங்கவிட்டாலோ, பீரோவைச் சுவரோடு தள்ளி நசுக்கினாலோ வளைவிலேயே ஒளி கசிந்துவிடும். அதனால் முதலில் வீட்டுக்குள் கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கம்பத்துப் பெட்டியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் ஒரு ஃபைபரின் ஒளியைப் பங்குபோட்டு 32, சில இடங்களில் 64 இணைப்புகள் வரைக்கும் அனுப்புகிறது. அவர்கள் வீட்டிலும் சிவப்பு என்றால் கோளாறு தெருவில். அணில் கடித்திருக்கலாம், லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால் கம்பத்திலிருந்து உங்கள் சுவர் வரைக்கும் உள்ள துண்டில் எங்கோ.

இரண்டு விஷயத்தில் கவனம். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள். பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர் ஒளி, திரும்பிப் போவது 1310. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தது, முனையைச் சட்டையில் துடைக்க வேண்டாம். ஒரு தூசி போதும், 9 மைக்ரானை அடைத்துவிடும். பச்சை முனையும் நீல முனையும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மாற்றிச் சொருகக் கூடாது. பச்சையின் கண்ணாடி முகம் 8 டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது, நீலத்தோடு ஒட்டி உட்காராது.

சரி, ரூட்டர் என்னதான் செய்கிறது?

ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருந்து வரும் தபாலில் கட்டடத்தின் கதவு எண் மட்டும்தான் இருக்கும். உள்ளே எந்த ஃபிளாட்டுக்காரர் என்ன கேட்டு அனுப்பினார் என்பதை வாசலில் இருக்கும் வாட்ச்மேன் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்துச் சரியான ஃபிளாட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ரூட்டர் அந்த வாட்ச்மேன்தான்.

192.168 என்று தொடங்கும் எண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஃபிளாட் எண்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும், எதிர்வீட்டிலும் அதே எண் இருக்கும், சண்டை வராது. பழைய ஐபிவி4 முறையில் உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் தனித்தனியாகக் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பதால் வந்த ஏற்பாடு இது. புதிதாக வீட்டுக்குள் வரும் போனுக்கு ஃபிளாட் எண் ஒதுக்குவதும் அதே வாட்ச்மேன்தான். அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். கடைசிக் கேள்வியில் இது திரும்ப வரும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிட்டேன். வேலை செய்யவே இல்லை, ஏன்?

உங்கள் வாட்ச்மேனுக்கு மேலே இன்னொரு வாட்ச்மேன் இருக்கிறார். முகவரிகள் போதாததால் இணைய நிறுவனங்களும் பல வீடுகளைச் சேர்த்து ஒரே வெளி முகவரியின் பின்னால் வைக்கின்றன. பிரவுசரில் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வான் (வெளிப்பக்கத்து) முகவரி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். நீங்கள் கதவைத் திறந்து வைத்தாலும் வெளி கேட் பூட்டியிருக்கிறது. காசு கட்டி நிலையான ஐபி முகவரி வாங்கலாம், அல்லது கேமரா கம்பெனியின் செயலி வழியாகப் பார்க்கலாம். வீட்டுக்கு இரண்டாவதே போதும்.

ரூட்டரில் நான்கு துளைதான் இருக்கிறது. கடையில் ஏழு கம்ப்யூட்டர், இரண்டு பிரின்டர். இன்னொரு ரூட்டர் வாங்கவா?

வேண்டாம், ஸ்விட்ச் வாங்குங்கள். பதினாறு துளை உள்ளதாக வாங்குங்கள். இன்றைக்கு ஒன்பது தேவை என்பவர் அடுத்த வருடம் பன்னிரண்டு கேட்பார். ரூட்டரின் லேன் (உள்பக்கத்து) துளையிலிருந்து ஒரு கேபிளை ஸ்விட்சுக்குக் கொடுத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை.

நெட்வொர்க் சாதனங்களிலேயே எனக்குப் பிடித்தது இந்த ஸ்விட்ச்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானாகக் கற்றுக்கொள்ளும் பெட்டி. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளத்தில் ஒரு மேக் முகவரி உண்டு. அதில் முதல் பாதி தயாரித்த கம்பெனியைச் சொல்லும். (செல்போன்கள் இப்போது இடத்துக்கு இடம் பொய் முகவரி சொல்கின்றன, அது தனிக் கதை.) மூன்றாம் துளையிலிருந்து ஒரு தகவல் வந்தால், ‘இந்த முகவரிக்காரர் மூன்றில் இருக்கிறார்’ என்று ஸ்விட்ச் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அவருக்கு வருவதை மூன்றில் மட்டும் விடும். யார் எங்கே என்று தெரியாதபோது மட்டும் எல்லாத் துளையிலும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும்.

ஸ்விட்ச் போட்டால் நெட் வேகம் கூடுமா?

கூடாது. குழாயில் வருகிற தண்ணீர் அதேதான், நீங்கள் குடங்களைத்தான் அதிகமாக்கினீர்கள். ஆனால் குறைய வாய்ப்பு உண்டு. விலை மலிவு என்று 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சை வாங்கி 300 எம்பிபிஎஸ் இணைப்பில் மாட்டினால், அதன் பின்னால் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் நூறைத் தாண்டாது. அட்டைப்பெட்டியில் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய ஆட்கள் ஹப் என்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கேபிளில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் இந்த முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். அது 1973இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நகலெடுப்பதற்கே நாம் பெயர் வைத்துவிட்ட அதே ஜெராக்ஸ். ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய முதல் வடிவத்தின் வேகம் 2.94 எம்பிபிஎஸ். ஒரே நீளக் கேபிளில் எல்லாக் கம்ப்யூட்டரும் தொங்கும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இரண்டு பேச்சும் கெட்டுப்போகும், இருவரும் ஆளுக்கொரு கணக்கில் சிறிது நேரம் பொறுத்து மறுபடி பேசுவார்கள். ஹப் இதே கூத்தை ஒரு டப்பாவுக்குள் அடைத்தது. ஒரு துளையில் வருவதை மற்ற எல்லாத் துளையிலும் கொட்டிவிடும். பக்கத்து மேசைக்குப் போகும் கணக்குவழக்கும் உங்கள் கம்பியில் வந்துதான் போகும்.

இதை மாற்றியது 1990இல் கல்பனா என்ற கலிபோர்னியக் கம்பெனி. பெயரைப் பார்த்ததும் புரிந்திருக்கும், தொடங்கியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ். அவர்கள் கொண்டுவந்த ஏழு துளை ஈதர்நெட் ஸ்விட்சில்தான் இந்த வம்சம் தொடங்குகிறது. 1994இல் சிஸ்கோ அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. எங்காவது பரணில் ஹப் கிடைத்தால் வைத்து அழகு பாருங்கள், மாட்டாதீர்கள்.

ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தாற்போல மின்னுகிறது. யாருக்கும் நெட் இல்லை.

ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஸ்விட்சிலேயே சொருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்தின வாரம் இது நடந்தது. பில் போடும் கம்ப்யூட்டர் அத்தனையும் நின்றுபோய், கவுன்டரில் கூட்டம் தெருவரைக்கும். நான் போய்ச் சேர்வதற்குள் முதலாளி இரண்டு பேரை வேலையை விட்டே அனுப்புகிற மனநிலைக்கு வந்துவிட்டார். விஷயம் இதுதான். மேசைக்கு அடியில் பெருக்கிய பையன், ஒரு கேபிள் முனை அநாதையாகக் கிடப்பதைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது போல என்று அருகில் இருந்த துளையில் சொருகியிருக்கிறான். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே ஸ்விட்சில். நல்ல மனசுதான் காரணம், திட்ட மனம் வரவில்லை.

எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு தகவல் அந்த வளையத்துக்குள் போனால் சுற்றிக்கொண்டே இருக்கும். இத்தனை முறைக்கு மேல் சுற்றினால் செத்துப்போ என்று சொல்லும் கணக்கு ஐபி பொட்டலத்தில் உண்டு, ஈதர்நெட் பொட்டலத்தில் கிடையாது. சுற்றச் சுற்றப் பெருகி, சில நொடிகளில் மூச்சுத் திணறிவிடும். இதற்கு மருந்து கண்டவர் ரேடியா பெர்ல்மன். 1985இல் டிஜிட்டல் என்ற கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஸ்விட்சுக்கு முன்னோடியான பிரிட்ஜ் பெட்டிகளே தங்களுக்குள் பேசி வளையத்தைக் கண்டுபிடித்து ஒரு பாதையை மூடிவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார். விலை கூடிய ஸ்விட்சுகளில் அது இருக்கிறது. ஆயிரம் ரூபாய்ப் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. அதனால் அந்தக் கடையில் இப்போது சும்மா இருக்கும் துளைகளில் டேப் ஒட்டியிருக்கிறேன்.

கேட்-5ஈ வாங்கலாமா, கேட்-6 வாங்கலாமா?

சுவருக்குள் போவதென்றால் கேட்-6. கேட்-5ஈ கூட 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் கொடுக்கும். கேட்-6, அதற்கு மேல் குறைந்த தூரத்தில், சுமார் 55 மீட்டர் வரை, 10 ஜிபிபிஎஸ் தாங்கும். விலை வித்தியாசத்தைவிடச் சுவரை மறுபடி கொத்தும் கூலி அதிகம்.

எண்ணைவிட முக்கியம் உள்ளே இருப்பது செம்பா என்பது. சிசிஏ என்று ஒரு வகை கடைகளில் கிடைக்கிறது. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம். பாதி விலையில் ஒரு பெட்டி கேபிள் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். தூக்கிப் பார்த்தாலே எடை குறைவாக இருக்கும். மடக்கினால் சீக்கிரம் ஒடியும், மின்தடை கூடுதல் என்பதால் கேமராவுக்கு மின்சாரமும் சேர்த்து அனுப்பினால் சூடாகும். போட்ட அன்று வேலை செய்யும். பிரச்சினையே அதுதான். ஒரு வருடம் கழித்துத்தான் கழுத்தை அறுக்கும்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. ஜோடியாக முறுக்கியிருப்பது அழகுக்கு இல்லை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும், எதிர்முனையில் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் அடிபட்டுப்போகும். ஆகவே கிரிம்ப் செய்யும்போது, அதாவது முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது, தேவைக்கு மேல் முறுக்கைப் பிரிக்காதீர்கள். நம் பக்கம் பெரும்பாலும் போடும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும்.

300 எம்பிபிஎஸ் பிளானில் கேபிள் போட்ட கம்ப்யூட்டருக்கு மட்டும் 95க்கு மேல் ஏறவில்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா?

பாவம், அவர்கள் மேல் பழி வேண்டாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேலே சொன்ன வரிசையில் 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு நீலக் கம்பி சரியாக உட்காரவில்லை என்றால் இணைப்பு அறுந்துபோகாமல் நூறுக்கு இறங்கிவிடும். 95 என்ற எண்ணைப் பார்த்ததுமே நான் கிரிம்பிங் டூலை எடுத்துவிடுவேன். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டும் மாறவில்லை என்றால் நடுவில் எங்காவது நூறு எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒளிந்திருக்கும்.

கரன்ட் ஒயர் போகும் குழாயிலேயே இந்தக் கேபிளையும் விடலாமா?

கூடாது. இரைச்சல் ஏறும் என்பது சின்னக் காரணம். உறை உரிந்தால் 230 வோல்ட் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் என்பது பெரிய காரணம்.

கேட்டில் இருக்கும் கேமராவுக்குத் தனி கரன்ட் லைன் இல்லாமல் எப்படி ஓடுகிறது?

பிஓஇ. தகவல் போகும் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. 2003இல் வந்த முதல் தரத்தில் ஒரு துளைக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட். சாதாரணக் கேமராவுக்கு முதலாவதே தாராளம். தரப்படி செய்த ஸ்விட்ச், எதிரே இருப்பது மின்சாரம் வாங்கக்கூடிய சாதனமா என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்பும், அதனால் லேப்டாப்பைத் தவறிச் சொருகினாலும் ஒன்றும் ஆகாது. கேபிளில் மின்சாரம் ஏற்றும் டப்பாக்களான இன்ஜெக்டர்களில், பேசிவ் என்று போட்டிருக்கும் மலிவு ரகங்கள் விசாரிப்பதில்லை. அவற்றை எந்தச் சாதனத்தோடு வந்ததோ அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

மாடியில் வைஃபை எட்டவில்லை. ரிப்பீட்டர் வாங்கவா?

காங்கிரீட் தளம், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி. வைஃபைக்கு நம் வீடுகளில் இருக்கும் எதிரிகள் இவைதான். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ பீரோ மேலேயோ ஒளித்து வைத்திருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். செலவில்லாத வைத்தியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் நன்றாகத் துளைக்கும், ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் அதிலேயே இருப்பதால் நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், தூரம் குறைவு.

ரிப்பீட்டர் என்பது சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ஆள். கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோவில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பலர் செய்யும் தப்பு, அதைச் சிக்னல் வராத அறையிலேயே வைப்பது. கேட்டால்தானே திருப்பிச் சொல்ல முடியும்? மெஷ் என்று விற்பது, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை பார்ப்பது, இதன் படித்த தம்பி. விலைக்கு மோசமில்லை. என்னைக் கேட்டால், மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் மாட்டுவதற்கு ஈடு எதுவும் இல்லை. சுவரில் ஒரு ஓட்டை விழும், அவ்வளவுதான்.

கரன்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது. இன்வெர்ட்டர் இல்லை.

ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் கிடைக்கிறது, சில மணி நேரம் ஓடும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஜிபான் இணைப்பில் ஒரு சௌகரியம் உண்டு. கம்பத்து ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, வெறும் கண்ணாடி வேலை. அதனால் தெருவே இருட்டில் இருந்தாலும், உங்கள் பெட்டிக்கு உயிர் இருந்து, மறுமுனையில் இருக்கும் இணைய நிறுவனத்தின் நிலையத்தில் பேட்டரி இருந்தால் நெட் வரும்.

வீட்டிலிருந்து தோட்டத்து மோட்டார் ரூமுக்கு 80 மீட்டர். கேட்-6 எட்டும்தானே?

எட்டும். ஆனால் போட மாட்டேன். திறந்தவெளியில் இரண்டு கட்டடத்தை இணைக்கும் செம்புக் கம்பி, ஐப்பசி மழையில் மின்னலுக்கு வைத்த விருந்து. நேராக இடி விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே கம்பியில் பாய்ச்சல் ஏறி இரண்டு பக்கத்துப் பெட்டியும் கருகும். நானே ஒரு தோப்பில் அப்படிப் போட்டு, முதல் மழைக்கே ஸ்விட்சும் கேமரா ரெக்கார்டரும் போய், என் கைக்காசில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஃபைபர் விட்டு, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைத்துவிடுகிறேன். ஒளியைச் செம்புக் கம்பிக்கு மாற்றிக் கொடுக்கும் சின்ன டப்பா. வாங்கும்போது கேபிளுக்குள் இரும்புக் கம்பி இல்லாததாகக் கேளுங்கள், இல்லையென்றால் பழைய கதைதான்.

இணைப்பை மாற்றிவிட்டோம். பழைய ரூட்டர் சும்மா கிடக்கிறது, எதற்காவது உதவுமா?

மாடி வைஃபைக்கு அதையே வைக்கலாம். அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து டிஹெச்சிபியை அணையுங்கள். அதன் முகவரியைப் புது ரூட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள், புதியது 192.168.1.1 என்றால் பழையது 192.168.1.2. கடவுச்சொல் இன்னும் அட்மின் என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள். அப்புறம் புது ரூட்டரிலிருந்து வரும் கேபிளை வான் துளையில் கொடுக்காமல் லேன் துளையில் சொருகுங்கள். வேலை முடிந்தது. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன்கள், ஆளுக்கொரு நோட்டு. பாதி போனுக்கு நெட் வரும், பாதிக்கு வராது. மறுநாள் காலை எனக்கு போன் வரும்.